உன் உரையில் இல்லாத கதவு

மகனே,

நீ அனுப்பிய உரை செவ்வாய்க்கிழமை வந்தது. கல்லூரி விண்ணப்பத்திலிருந்து இன்றுவரை நீ இங்கிலீஷில் எழுதும் முக்கியமான எதையும் என்னிடம் காட்டாமல் வெளியே விட்டதில்லை. ஐம்பதை நெருங்கியும், முந்நூறு பேருக்கு வேலை கொடுக்கும் இடத்துக்கு வந்தும், அந்தப் பழக்கத்தை நீ விடாததில் எனக்குப் பெருமை உண்டு. பதினான்கு பக்கங்களையும் உட்கார்ந்து படித்தேன். தேவையில்லாத அடைமொழிகளை வெட்டினேன். ஒரே கருத்து இரண்டு முறை வந்த இடங்களில் ஒன்றை எடுத்தேன். ஆறாம் பக்கத்தில் மட்டும் பேனாவை வைக்கவில்லை. அங்கே மொழி நன்றாகவே இருக்கிறது. நடக்காத ஒன்றை அது நல்ல மொழியில் சொல்கிறது.

அந்தப் பக்கத்தில் நான் வருகிறேன். உலகத்துக்கு இனி ஒரே தலைநகரம் கிடையாது, அதிகாரம் நாலைந்து இடங்களில் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது, அவற்றில் எதற்கும் நம் நாடு வாலாக இருக்கத் தேவையில்லை, எல்லாரோடும் சமமாகக் கை குலுக்கும் பலம் நமக்கு வந்துவிட்டது என்று ஐந்து பக்கம் எழுதிவிட்டு, ஆறாவதில் என்னைக் கொண்டுவந்து நிறுத்துகிறாய். ‘என் தாய் எங்கள் ஆலை வாசலில் நின்று ஜப்பானியரையும் கொரியரையும் ஜெர்மானியரையும் ஒரே மாதிரி மாலையோடும் ஒரே மாதிரி புன்னகையோடும் வரவேற்பார். நீங்கள் யார் பக்கம் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அந்த வாசல்தான் இன்றைய இந்தியா’ என்று எழுதியிருக்கிறாய். அரங்கில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். தூதர்களும் தட்டுவார்கள். அதற்காகத்தான் அதை எழுதினாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ‘அப்புறம் பேசலாம்மா’ என்று ஒரு வரியில் முடித்திருப்பாய். அப்பா போனதிலிருந்து நமக்குள் எத்தனையோ விஷயங்கள் அந்த ‘அப்புற’த்துக்குள் போய்விட்டன. என்னைக் கேட்காமல் என்னைப் பற்றிப் பெரிய மனிதர்கள் நிறைந்த அரங்கில் பேச உனக்கு உரிமை இருந்தால், நாலு பேர் படிக்கும் பத்திரிகையில் உனக்குப் பதில் எழுத எனக்கும் உரிமை உண்டு. உன் பெயரை எழுதவில்லை. ஆலையின் பெயரையும் எழுதவில்லை. ஓரகடம் சாலையில் ஆலைக்கா பஞ்சம்? ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுக்கு இங்கே கலை என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன்.

முதலில் உன்னோடு ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாடு யாருக்கும் வாலாக இருக்கத் தேவையில்லை என்று நீ எழுதிய வாக்கியத்தைப் படித்தபோது என் உடம்பு நிமிர்ந்தது. வாலாக இருந்த காலத்தை உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் காலையில் கோதுமை ரவைக் கஞ்சி. கோதுமை ஒரு நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. பால் பவுடர் வேறொரு நாட்டிலிருந்து. கட்டிலும் போர்வையும் இன்னொரு நாட்டுத் தேவாலயங்களில் உண்டியல் குலுக்கிச் சேர்த்து அனுப்பியவை. கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வருவார்கள். தங்களால்தான் இந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாட்டுக்காரரும் நம்பிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அதற்காகச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கிகள் அடித்து வைத்திருந்தார்கள். ‘இது இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு’ என்று மூன்று பலகைகள். யார் வருகிறார்களோ அவர்களுடைய பலகை கொக்கியில் ஏறும். மற்ற இரண்டும் அரிசி மூட்டைக்குப் பின்னால் போகும்.

எட்டாம் வகுப்பில் அந்தப் பலகை மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. வந்தவர்களுக்கு முன்னால் நின்று நன்றி சொல்லும் பொறுப்பும் எனக்குத்தான். நான் பணம் கட்டிப் படித்தவள்; அந்தத் தர்மத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அநாதைப் பிள்ளைகளுக்குப் பதிலாக நான் நன்றி சொன்னேன், என் உச்சரிப்பு நன்றாக இருந்ததால். சிரங்கு வந்த பிள்ளைகளையும் மொட்டையடித்த பிள்ளைகளையும் அன்று துணி வைக்கும் அறைக்குள் உட்கார வைத்துவிடுவார்கள்.

இதை நான் உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். மதர் சுப்பீரியர் மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவேன், நீ சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். உன் அப்பா ஒரு முறையும் சிரித்ததில்லை. ஒரு நாள், “அந்த ரூமுக்குள்ள இருந்த பசங்களுக்கு அன்னிக்குக் கஞ்சி யாரு குடுத்தா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. நீ வேறு ஒன்றைக் கேட்டாய். “பலகையை மாத்தினது கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியலையாம்மா?” என்றாய். “தெரியவே இல்லை” என்று நான் சொன்னேன், பரிசு வாங்கியவளைப் போல.

அதே வருடமோ அடுத்த வருடமோ, உன் வகுப்பில் லீடர் தேர்தல் வந்தது. நின்ற இருவரிடமும் ‘உனக்குத்தான் என் ஓட்டு’ என்று நீ வாக்குக் கொடுத்தாய். இருவரும் உனக்குப் பென்சிலும் ஸ்டிக்கரும் தந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்ததும் உன்னைச் செருப்பு மாட்டச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் போய் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறாய் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்றார். வாசல்வரை போன உன்னை நான்தான் உள்ளே இழுத்தேன். “விடுங்க, பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை” என்றேன். முப்பது வருடம் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர் அவர். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதைப் பற்றி மறுபடி பேச மாட்டார். அன்றும் பேசவில்லை.

நீ பிழைத்துக்கொண்டாய். கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டிக் கொடுக்கும் ஆலை. மூன்று நாட்டுக் கம்பெனிகளுக்கு மூன்று வரிசைகள். ஜப்பான் வரிசைப் பெண்களுக்கு மஞ்சள் தொப்பி, கொரியாவுக்குப் பச்சை, ஜெர்மனிக்கு நீலம். ‘இந்த இடமும் இந்த ஆட்களும் உங்கள் வேலைக்கு மட்டும்தான்’ என்று மூவரிடமும் நீ சொல்லியிருந்தாய். அதனால் ஒரு நாட்டுக்காரர் வரும் நாளில் மற்ற இரண்டு வரிசைகளும் தார்ப்பாய்க்குப் பின்னால் போய்விடும். தார்ப்பாயால் இயந்திரத்தை மூடலாம், மனிதர்களை மூட முடியாது. அவர்களை எழுப்பி எங்கேயாவது அனுப்ப வேண்டும். சீனாவில் செய்த வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறதே, அது எந்த நாட்டுக்காரர் கண்ணிலும் படக் கூடாது என்று அதன் பெயர்த்தகட்டின் மேல் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டியிருந்தார்கள். விருந்தாளிகள் அதற்கு முன்னால் நின்று பக்தியோடு தலை குனிந்துவிட்டுப் போவார்கள். இதையும் நாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

என் வேலை வாசலில் நிற்பது. பட்டுப் புடவை, மாலை, இங்கிலீஷ். ஆரத்தித் தட்டை என் கையில் கொடுக்க மாட்டார்கள், நான் தாலியில்லாதவள். அதை வரிசையிலிருக்கும் கல்யாணமான பெண் யாராவது எடுப்பாள். இங்கிலீஷ் பேசுவதற்குத் தாலி தேவைப்படவில்லை. ஜப்பான்காரர்கள் வந்தபோது ஆரத்தி எடுத்தவள் மஞ்சள் தொப்பிப் பெண் கலை. மண்ணூர்க்காரி, வாயாடி. ‘வெல்கம்’ என்பதை ஜப்பான் மொழியில் சொல்ல அவளுக்கு நான் ஒரு மதியம் முழுக்கப் பழக்கினேன். அவர்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றும் உன் அலுவலகச் சுவரில் இருக்கிறது, ஜப்பான்காரர்கள் வரும் நாட்களில் மட்டும்.

போன வருடச் சித்திரையில் கொரியாக்காரர்கள் வந்த நாளைப் பற்றி உனக்குத் தெரிந்ததை மறுபடி எழுதுகிறேன், தெரியாததைச் சொல்வதற்காக. பதினோரு மணிக்கு வர வேண்டியவர்கள் பத்தேகாலுக்கே படப்பையைத் தாண்டிவிட்டார்கள் என்று டிரைவரிடமிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் குமரேசன் கையில் தார்ப்பாய்க் கயிற்றோடு ஓடி வந்தான்.

“ஏய், மஞ்சத் தொப்பி எல்லாம் எழுந்திரு! போட்டது போட்டபடி கெடக்கட்டும். பையி கியி ஒண்ணும் எடுக்காத. நட, நட!”

“அண்ணா, தண்ணி பாட்டிலாச்சும்…”

“இன்னாத்துக்குத் தண்ணி? அரமணி நேரம். உள்ள குந்திகினு கதை பேசு. சம்பளத்தோட ரெஸ்ட்டு.”

கலைதான் சொன்னாள்: “போன மாசம் ஆரத்தி எடுத்தவ, இந்த மாசம் அட்டப்பொட்டியாண்ட அட்டப்பொட்டியா குந்தணும். எந்த நாட்டுக்காரன் வந்தா எங்களக் கொஞ்சம் வெளிய வுடுவீங்க, அதச் சொல்லுண்ணா!”

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீலத் தொப்பிக்காரிகளுக்கு அன்று இரவு ஷிப்ட். மஞ்சள் தொப்பிகள் பதினெட்டுப் பேர், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கும் கிடங்குக்குள் போனார்கள். தகரக் கதவு. ஜன்னல் கிடையாது. குமரேசன் தார்ப்பாயின் ஒரு முனையைப் பல்லிலும் இன்னொரு முனையைக் கையிலும் பிடித்துக்கொண்டு இருந்தான். “மேடம், அந்தக் கதவு நிக்காது. காத்துக்குத் தொறந்துக்கும். தாப்பாளக் கொஞ்சம் போட்டுடுங்களேன்” என்றான். நான் போட்டேன். வகுப்பறையில் சொல்லிப் பழகிய தொனியில், “சத்தம் வரக் கூடாது, கேர்ல்ஸ்” என்று ஒரு வார்த்தையும் சொன்னேன். பிறகு கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். தாழ்ப்பாளில் துரு இருந்தது.

ஆம். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது குமரேசன் என்று நீ இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் உன்னைத் திருத்தவில்லை. உன் இங்கிலீஷில் ஒரு பிழையைக்கூடப் பொறுக்காதவள், இந்தப் பிழையை ஒன்றரை வருடம் அப்படியே விட்டு வைத்தேன்.

அரை மணி நேரம் என்பது இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவர்கள் சோதனை மேசையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிறகு நீ அவர்களைச் சாப்பிட உட்கார வைத்தாய். விருந்தினர் அறைக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இளநீர் பாயசம் பரிமாறும்போது தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் விரல்களால், பிறகு உள்ளங்கையால், பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து. கொரியக் குழுவின் தலைவர், நரைத்த தலைக்காரர், கரண்டியை வைத்துவிட்டு அது என்ன என்று என்னைத்தான் கேட்டார். “புதிய அழுத்து இயந்திரம், இன்றுதான் பொருத்துகிறார்கள், மன்னிக்க வேண்டும்” என்றேன். எவ்வளவு அழகான இங்கிலீஷில் சொன்னேன் தெரியுமா? பிறகு அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. நீ மேசையின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்தாய். உன் பார்வையில் நன்றி இருந்தது. அந்த நன்றியை நான் ஏற்றுக்கொண்டேன். எழுந்து போனால் இருபது அடி. தட்டும் சத்தம் தானாக நின்றபோது எனக்கு வந்தது நிம்மதி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் காரில் ஏறும்போது என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. நீ முன் காரில் இருந்தாய். “அந்த நீலத் துணிக்குப் பின்னால் யாருடைய வேலை நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், மேடம். அவர்களுக்கும் எங்களைத் தெரியும்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. “இளவயதில் என் ஊரில் நானும் இப்படித் துணி கட்டியிருக்கிறேன், உங்களுக்கு முன்னால் எங்களிடம் வாங்க வந்தவர்களுக்காக” என்று சொல்லிவிட்டு, நம் வழக்கப்படி கை கூப்பினார். அதை எப்போது நிறுத்தினீர்கள், எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பார். உன் பத்தாம் பக்கத்தில் எழுந்து வரும் நாடு என்கிறாய். எழுந்து முடித்தவர்கள் கழற்றி எறிந்த துணியை எடுத்து நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். யாரிடமிருந்து மறைக்கிறோமோ அவர்களுக்கு எல்லாம் தெரியும். மறைத்ததற்கான விலையை மட்டும் பதினெட்டுப் பெண்கள் கொடுக்கிறார்கள். கஞ்சிக்காகப் பலகை மாற்றிய பள்ளிக்கூடத்தையாவது என்னால் மன்னிக்க முடிகிறது. அங்கே நிஜமாகவே பசி இருந்தது. உனக்கு என்ன பசி?

கதவைத் திறந்தபோது கலை கீழே கிடந்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. உறிஞ்சும் மருந்து பையில், பை வரிசையில், வரிசை தார்ப்பாய்க்குப் பின்னால். மயங்கி விழுந்ததில் அடுக்குச் சட்டத்தின் முனை நெற்றியில் குத்தியிருந்தது. கம்பெனிக் கார்கள் இரண்டும் விருந்தாளிகளோடு போய்விட்டன. ஷேர் ஆட்டோவை நிறுத்தி, அதில் இருந்தவர்களை இறக்கிவிட்டு, அவளைக் கொண்டு போனார்கள். ஐந்து நாள் கழித்து வேலைக்கு வந்தவளைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். ‘சொந்த உடல்நலக் காரணத்தால் தானாகவே வேலையை விட்டார்’ என்று காண்ட்ராக்ட் ஆள் ஒரு காகிதத்தை நீட்டினான். மற்ற பதினேழு பேரும் கதவு திறந்தே இருந்தது என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கலை கேட்பது இரண்டே விஷயம்: வேலையை நான் விடவில்லை, கதவு பூட்டியிருந்தது. இதை எழுதிக் கொடுங்கள் என்று தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறாள். அன்று அங்கே வயதான அம்மாள் ஒருவர் இருந்தார், அவரையும் கேளுங்கள் என்று அவளுடைய வக்கீல் சொன்னதால் எனக்கும் கடிதம் வந்தது. அடுத்த வியாழக்கிழமை விசாரணை.

அந்தக் கடிதம் வந்த அன்று நீ போன் செய்தாய்.

“அம்மா, அங்க போய் பெருசா ஒண்ணும் பேச வேணாம். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, அவ்ளோதான்.”

“சாத்தித்தான் இருந்துதா?”

“இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. உன் வயசுக்கு யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.”

“தாழ்ப்பாள் யார் போட்டதுன்னு கேட்டா?”

“குமரேசன்தான். அவனா அதிகப்பிரசங்கித்தனமா பண்ணிட்டான்னு முடிச்சுக்கலாம். வேற எடத்துல அவனுக்கு வேலை பாத்துக் குடுத்துடறேன். நமக்கு எந்தப் பக்கமும் வேணாம்மா. நீ நடுவுல நில்லு, போதும்.”

நான் போனை வைத்துவிட்டேன். உன் தாய்க்கு எழுபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்பில் கூட உட்கார்ந்த பிள்ளைகளின் பெயர்களை இன்றும் வருகைப் பதிவேட்டு வரிசையில் சொல்வேன். என்னை மறதிக்காரியாக நடிக்கச் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் அவமானம் கிடக்கட்டும். ‘நடுவில் நில்’ என்றாயே, அதே சொல் உன் உரையின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. பலசாலிகள் நாலைந்து பேர் சுற்றி நிற்கும்போது, நான் உங்களில் யாருடைய ஆளும் இல்லை என்று ஒரு நாடு நடுவில் நிற்கிறது என்றால், அதற்குத் தைரியம் வேண்டும். அந்த நாட்டில் பிறந்ததற்காக நான் பெருமைப்படுவேன். உள்ளே பதினெட்டுப் பெண்கள், வெளியே ஒரு தாழ்ப்பாள். இதற்கு நடு எது? நீ எந்த இடத்தில் நின்றாலும் தாழ்ப்பாளின் பக்கம்தான் நிற்கிறாய். வெளியே நாலு பேருக்கு நண்பனாக இருப்பதற்காக உள்ளே இருப்பவர்களை மறைத்து வைக்கிறவனுக்கு, உலகத்தில் ஒரு அதிகார மையம் இருந்தால் என்ன, ஏழு இருந்தால் என்ன? அவனுக்கு எஜமானர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கலைக்கு மேலே என்றைக்கும் ஒரே ஒரு மையம்தான். அது நீ. அன்று இரண்டரை மணி நேரம் அது நான்.

ஞாயிற்றுக்கிழமை நான் மண்ணூருக்குப் போனேன். உன் டிரைவரைக் கூப்பிடவில்லை, ஆட்டோவில் போனேன். கலையின் அம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. “உள்ள வாங்க. ஃபேனு ஓடாது, கரண்ட் இல்ல. கதவு தொறந்துதான் கீது” என்றாள். கலை இப்போது பக்கத்தில், வெளியூர்ப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் காய் நறுக்கப் போகிறாள். நெற்றித் தழும்பின் மேல் பெரிய பொட்டாக வைத்திருக்கிறாள். நான் வழியெல்லாம் மனதுக்குள் எழுதித் திருத்திக்கொண்டு போன வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. “தாழ்ப்பாள் போட்டது நான்தான்” என்றேன்.

“தெர்யும் மேடம்.”

“எப்படி?”

“‘சத்தம் வரக் கூடாது, கேர்ல்ஸ்’னு சொன்னீங்களே. அந்த மாறி எங்க ஊருல யாரு பேசுவா?”

“மனுவுல ஏன் என் பேரை எழுதல?”

“எழுதலாம்னுதான் சொன்னேன். வக்கீல்தான் வாணாம்னாரு. ‘அந்தம்மா இங்கிலீஷ் டீச்சரு, நரச்ச தலை, வெள்ளப் பொடவை. அவுங்க மேல பழி போட்டா மொத்த கேஸும் பொய்னு தூக்கிப் போட்டுருவான்’னாரு.” அவள் சிரித்தாள். “அன்னிக்கு அந்தத் தாப்பாள ஒரு இழுப்பு இழுத்திருந்தா போதும் மேடம். இப்ப ஆட்டோ புடிச்சி இவ்ளோ தூரம் வர்றீங்க.”

வியாழக்கிழமை உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் நன்றி சொல்லவில்லை. இதைத்தான் கேட்டாள்: “நீங்க அங்க சொல்லிட்டா, கொரியாக்காரன் ஆர்டர நிறுத்திட மாட்டானா?”

“நிறுத்தலாம்.”

“அப்ப பச்சத் தொப்பிக்காரிங்க இன்னா பண்ணுவாளுங்க? ரெண்டு பேரு இந்தத் தெருவுதான். நாளைக்கு என் வூட்டாண்ட வந்து மண்ண வாரித் தூத்துவாளுங்க. அப்பவும் நீங்க ஆட்டோ புடிச்சி வருவீங்களா?”

அவளுடைய அம்மா, “ஏய், வந்தவங்கள வுடுடி” என்றாள். அன்றைக்கு ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் மூச்சுக்குத் திணறியவள், அவளைக் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களின் சோற்றைப் பற்றி யோசிக்கிறாள். பதினான்கு பக்கத்தில் நீ அந்த யோசனைக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. எழுபத்திரண்டு வருடத்தில் நானும் கொடுத்ததில்லை.

பச்சைத் தொப்பிக்காரிகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆலை உன்னுடையது. உன்னால் முடியும். அந்த நரைத்த தலைக்காரரை நீயே கூப்பிடு. நடந்ததை உன் வாயால் சொல். பெண்களை மறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நாமாகச் செய்தோம் என்று சொல். மூன்று நாட்டுக்காரர்களிடமும், மற்ற இருவருக்கும் இதே கூரையின் கீழ் வேலை செய்கிறோம், ரகசியம் என்று நீங்கள் சொல்லும் பொருளைக் காப்போம், ஆட்களை ஒளிக்க மாட்டோம் என்று சொல். யாராவது விலகினால், அந்த வரிசைப் பெண்களுக்கு மற்ற இரண்டு வரிசைகளில் இடம் கொடு. உன் புதிய கட்டடம் ஆறு மாதம் தள்ளிப் போகட்டும். இதெல்லாம் நடக்கும் என்று நான் நம்புகிறேனா என்று கேட்டால், நம்பவில்லை. உன்னை வளர்த்தவள் நான். எதற்கு உன்னைப் பழக்கினேன் என்று எனக்குத் தெரியும். வாசல்வரை போனவனை உள்ளே இழுத்தது என் கை. தாழ்ப்பாளைப் போட்டதும் அதே கை.

குமரேசனின் பெயர் அந்த விசாரணை அறையில் வராது. வந்தால் நான் மறுப்பேன். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். வயதுக்கு மரியாதையாக, உட்கார்ந்தே சொல்லுங்கள் என்பார்கள். நின்றுதான் சொல்வேன். கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டிருந்தது. தாழிட்டவள் நான். உள்ளே ஆட்கள் இருப்பது தெரியும். தட்டும் சத்தம் கேட்டது, திறக்கவில்லை. அதற்கு மேல் கேட்டால், யார் தட்டுகிறார்கள் என்று தெரிந்தே ஒரு விருந்தாளியிடம் பொய் சொன்னேன் என்பதையும் சொல்வேன்.

உன் உரை அன்று மாலை ஆறரைக்கு. அதற்குள் இந்தக் கடிதத்தை அரங்கில் பாதிப் பேர் படித்திருப்பார்கள். படிக்காதவர்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லியிருப்பார். ஆறாம் பக்கத்தைக் கிழித்துப் போடுவதும், நடந்ததை அதில் எழுதுவதும், உரையையே ரத்து செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்னைச் சபிப்பதும் உன் இஷ்டம். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த பிறகு, மறைக்க ஒரு முழத் துணிகூட இல்லாமல், நீ அந்த மேடையில் ஏறி, அந்த நாலைந்து நாட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்து, நாங்கள் யாருக்கும் பயந்தவர்கள் இல்லை என்று சொல்ல முடிந்தால் சொல். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு அதை நம்புகிறேன்.

அம்மா